போட்டாச்சு என்று சொன்ன சனிக்கிழமைகள்

நான் சொன்னதையெல்லாம் நம்பிய என் அண்ணனுக்கு,

நீ போய் ஐந்து மாதம். கிழக்கேகோட்டையில் உன் மூக்குக்கண்ணாடிக் கடையை மதினி திறந்துவிட்டார். ஃபிரேம் பார்க்க வருகிறவர்களை உன்னைப் போல அதட்டுவதில்லை. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல எனக்குக் கடைசியாக ஆறு நாள் கிடைத்தது. சொல்லவில்லை. இப்போது எல்லோரும் கேட்கும்படி சொல்கிறேன்.

டாக்டர் என் மனநோய்க்கு 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி' என்று பெயர் சொன்ன அன்று நீ வராந்தாவுக்கு வந்து, "பார்டர்லைன்னா களியக்காவிளை செக்போஸ்ட்தானே. நம்ம குடும்பமே அதத் தாண்டி வந்ததுதாம் மக்ளே" என்றாய். சிரித்தேன். அதற்கு முந்தின நாள்தான், ஒரு தோழி போனை எடுக்கவில்லை என்பதற்காகக் கதவில் குத்திக் கை வீங்கியிருந்தது. யாராவது ஓரடி விலகினாலும் எனக்கு அது முழுதாகப் போய்விட்டதுதான். மாத்திரை அந்த ஓரடியை ஓரடியாகவே காட்டும் என்று நம்பினாய்.

தினமும் காலையில் கடையிலிருந்து கூப்பிடுவாய். பின்னால் ஷட்டர் ஏறும் சத்தம்.

"எட்டி, போட்டாச்சா?"

"போட்டாச்சு."

கடைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக்.

சனிக்கிழமைகளில் ஆபீஸ் தோழிகள் இருவரோடு கல்லாறுக்குப் போவேன் அல்லவா? ஆற்றங்கரையில் கஞ்சா. இரண்டு முறை, நாக்கில் வைக்கும் போதை ஸ்டாம்ப். மாத்திரையோடு இதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் மாத்திரையை விட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு. அதை ஜாக்கிரதை என்றே நினைத்தேன். இரண்டில் ஒன்றை விடுவதென்றால் எதை விடுவது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை, அண்ணா. பாறைமேல் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம் யாரும் என்னை விட்டுப் போகவில்லை என்று தோன்றும். திங்கட்கிழமை எல்லோரும் போயிருப்பார்கள்.

இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வருகிறவருக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். டாக்டர் முதலில் கேட்பது அவரிடம்தான். நீ காலண்டர் தாள்களைக் கிழித்துக் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினாய். ஒரு நாள்கூட விடவில்லை என்றாய். அப்படியானால் மருந்து போதவில்லை என்று முடிவாயிற்று. டோஸ் ஏறியது. மறுபடியும் ஏறியது. என் கை நடுங்கத் தொடங்கியது. கையெழுத்து மாறிவிட்டது என்று பேங்கில் திருப்பி அனுப்பினார்கள்.

நீ டாக்டரிடம் சண்டைக்கே போனாய். "இவ்வளவு ஒழுங்கா சாப்பிடுத பிள்ளைக்கே கேக்கலேன்னா, இது என்ன மருந்து?" நான் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பொய்சாட்சி ஆக்கியிருந்தேன். பொய் என்று தெரியாத சாட்சி.

பிறகு மழை. தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கடையைத் திறந்தாய். எலிக்காய்ச்சல். ஆறு நாள் நான் உனக்கு பைஸ்டாண்டர். மூன்றாம் நாள் காலையில் ஆக்சிஜன் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டுக் கேட்டாய்: "போட்டாச்சா?"

போடவில்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நின்று இழுத்திருந்தேன்.

"போட்டாச்சு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். நிம்மதியிலா, களைப்பிலா?

போன மாதம் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. மதினி கடையை அடைத்துவிட்டு வந்தார். "அவிய இருந்தா வந்திருப்பாவல்லா. இனி நான் வாரேன்." டோக்கன் எடுத்து வராந்தாவில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். மூன்றாவது ஆள் உள்ளே போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். மதினி டோக்கனை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவியளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

தெரியாமல் போனது உனக்கு நல்லதா, அண்ணா? மதினியும் அதைத்தான் யோசித்திருப்பார். நான்காவது ஆளும் போய்விட்டார்.

"அப்ப உள்ள நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க மதினி."

"நான் ஒண்ணும் பாக்கலியே."

"அதயே சொல்லுங்க."

அப்படியே சொன்னார். தன் அரைகுறை மலையாளத்தில், தான் எதையும் பார்க்கவில்லை, சொல்ல வேண்டியதை இவளே சொல்வாள் என்று. சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை நாள் நான் யாருக்கு மருந்து எழுதினேன்?" கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரியாததைக் கேட்பது போல இருந்தது. என்ன, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று விசாரித்தார். கஞ்சா எனக்கு நல்லதில்லை என்றார். நானாக மாத்திரையை நிறுத்துவதும் நானாகத் தொடங்குவதும் அதோடு சேரும்போது இன்னும் மோசம் என்றார். இழுத்துவிட்டால் மறைக்காமல் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். குறைந்த அளவில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். வாரம் ஒரு மணி நேரம் பேசவும் போகிறேன். பேசுவதுதான் கடினம்.

அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமைகள். ஒன்றில் கல்லாறுக்குப் போனேன். மறுநாளே டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன், மதினியிடமும் சொன்னேன். மதினி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்று உனக்குத் தெரிந்திருக்கும். கதவில் குத்தவில்லை. மூன்றாம் நாள் தூக்குப் பாத்திரத்தில் மீன் குழம்போடு வந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உப்பு சரியா என்று மட்டும் கேட்டார்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசை. இன்றைக்கு எழுத முடியாது. இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: இனி எனக்காகப் பேச வந்து நிற்கிற யாரும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்காது. உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே அவர்களிடம் நான் சொல்லியிருப்பேன்.

உன் ஒரே தங்கை,
கோமதி