டியூப் லைட்டில் இருந்த பெரிய எழுத்து

ஐப்பசி, திங்கள்

காலையில் தூறல். டீச்சர் இன்று முதியோர் எழுத்து வகுப்பு இல்லை என்றார். நான் விடவில்லை. குடையோடு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் போர்டு போர்டாகப் படித்தேன்.

எழுத்துக்கும் ஆள் மாதிரி முகம். பாடப்புத்தக எழுத்து, எண்ணெய் வைத்து வாரிய பிள்ளை. நகைக்கடை எழுத்து வாலைச் சுருட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை. மருந்துக்கடையில் ஒல்லி எழுத்து, மெதுவாகப் பேசும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தடி எழுத்து. இறந்தவர் யாரென்று தெரிவதற்குள் நெஞ்சில் ஏறி உட்காருகிறது. பஸ் நெற்றியில் ஓடுகிற விளக்கு எழுத்துக்குத்தான் மரியாதையே இல்லை. 'சாலவாக்கம்' முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. சிரித்துவிட்டேன்.

செவ்வாய்

மழை இல்லை. சோப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

நாளை கோயில் டியூப் லைட்டைப் படிக்கப் போகிறேன். நானும் ஏகாம்பரம் மாமாவும் (அக்கா வீட்டுக்காரர்) சேர்ந்து கொடுத்தது. கண்ணாடி மேல் சிவப்புப் பெயின்ட். "குண்டா, பெரிசா கீதே, அது நீ. கீய சின்னதா கீறது நான்" என்று அன்றே காட்டினார். சாமியைக் கும்பிட்டதும் தினமும் அந்தக் குண்டு எழுத்தை ஒரு பார்வை.

புதன்

படித்தேன். பெரிய எழுத்து: உபயம். சின்ன எழுத்து: ஏகாம்பரம்.

வேறு எழுத்து இல்லை. அந்தப் பக்கம் போயும் பார்த்தேன்.

"இன்னா தாத்தா, பல்லி எதுனா கீதா?" பூக்காரம்மா.

பேரப்பிள்ளைகளிடம் அதைக் காட்டி, "அதான்டா என் பேரு" என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.



வியாழன்

டீக்கடையில் மாமாவிடம் கேட்டேன்.

"பெயின்டரு எடம் பத்தலன்னான் மச்சான்."

"உபயத்த ஒல்லியா போட்ருந்தா ரெண்டு பேரும் அடங்கியிருக்குமே மாமா."

சிரித்தார். "நீ பட்ச்சிட்டு வந்து கேப்பேன்னு நான் இன்னாத்த கண்டேன்?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பன்னைப் பிட்டு, பாதியை என் பக்கம் தள்ளினார், எப்போதும் போல. தொடவில்லை.

வெள்ளி

நல்ல வெயில். சாயங்காலம் மாமா வாசலில். "வா மச்சான், கோயிலுக்கு."

"எழுதிக்கினு கீறேன் மாமா. நீ போ."

நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், ஒரு எழுத்தும் எழுதாமல், அவர் செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை.