திறக்காத உதவிப் பக்கம்

குறிஞ்சிப்பிட்டி,
11.03.2017

அன்புள்ள அத்தானுக்கு,

தலவில் கோயில் அன்னம்மாள் உங்களைக் காப்பாற்றவேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. அறையில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து இதைப் படியுங்கள். மாமாவின், உங்கள் அப்பாவின், உயிருக்கு ஆபத்து இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டு படிக்கவேண்டாம்.

மாமாவின் கையில் வலைக்கயிறு சுற்றிக் காயம் என்று டெலிபோனில் சொன்னேன் அல்லவா, அது பொய். உங்கள் தம்பி லோறன்ஸையும் அப்படியே சொல்லச் சொன்னது நான்தான். மாமாவின் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. மோதிரவிரல் இனி முழுதாக மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இதற்கு நானும் ஒரு காரணம். டெலிபோனில் இதைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்கள் என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவீர்கள். அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அல்பொன்சா அக்காவின் கணவர் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். இதை உறையில் ஒட்டி அவரிடம் கொடுத்துவிடுவேன்.

எங்கள் அலுவலகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கான கருவி ஒன்றுக்கு மென்பொருள் செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். சிறிய திரை ஒன்று. படகு நிற்கும் இடம், எஞ்சின் சூடு, அடியில் சேரும் தண்ணீர் எல்லாவற்றையும் காட்டும். தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தானே போடும், தானே நிறுத்தும். ஏதாவது பிழைத்தால் சிவப்பில் ஒரு இலக்கம் வரும். பக்கத்தில் 'உதவி' என்று இருப்பதைத் தொட்டால் என்ன செய்யவேண்டும் என்று படிப்படியாக வரவேண்டும். அந்தப் பக்கங்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. சிங்களத்தில் எழுதுவது ஃபாஹிமாவின் வேலை.

அவற்றைச் சாதாரணமாகத் தட்டச்சுச் செய்தால் போதாதா என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். போதாது. நூற்று இருபது பக்கம், இரண்டு மொழி. ஒரே எழுத்து திரைக்கும் போகவேண்டும், அச்சுக்கும் போகவேண்டும். ஒரு படியை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறவேண்டும். அதற்கென்றே தனி மென்பொருள்கள் விற்கிறார்கள். எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் போன கார்த்திகையில் எனக்குத் தந்தார்கள். மூன்றை எடுத்து மூன்று கிழமை பரீட்சித்தேன். முதலாவதில் தமிழ் எழுத்து உடைந்தது. 'கொக்கி' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நின்றது. அதை உடனே தள்ளிவிட்டோம். இரண்டாவது பழையது, பார்வைக்கு ஒன்றுமில்லை, பழகவும் கஷ்டம். ஆனால் எல்லாப் பக்கங்களையும் ஒரே கட்டாகக் கட்டிக் கருவிக்குள்ளேயே வைத்துவிடலாம். மூன்றாவது மிக அழகானது. நானும் ஃபாஹிமாவும் ஒரே நேரத்தில் எழுதலாம், படங்கள் பளிச்சென்று வரும். ஆனால் பக்கங்கள் எங்கேயோ ஒரு சேர்வரில் இருக்கும். சிக்னல் இருந்தால்தான் வரும்.

இரண்டாவதையே எடுக்கவேண்டும் என்று அறிக்கை எழுதினேன். "கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால், சிக்னல் இல்லாத இடத்தில், மூன்றாவதில் செய்த உதவிப் பக்கம் திறக்காது" என்பது அதில் ஒரு வரி.

எங்கள் முகாமையாளர் ஜப்பார் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கருவிக்குப் பண உதவி தரும் நிறுவனத்தார் மாத முடிவில் பார்க்க வருகிறார்கள், இரண்டாவதைப் பழகி எழுதி முடிக்க அதற்குள் நேரமில்லை என்றார். "தங்கச்சி, இந்த ஒரு வரிய மட்டும் மாத்தித் தாங்க. பொய் எழுதச் சொல்லல்ல, கொஞ்சம் மெதுவா எழுதச் சொல்றன். அடுத்த முறை எல்லாத்தயும் உள்ளுக்கே வெச்சிருவோம். இந்த வேல கை நழுவினா நாங்க ஏழு பேரும் வீட்டுக்குத்தான் போகணும்" என்றார்.

"சிக்னல் குறைந்த இடங்களில் திறக்கத் தாமதமாகலாம்" என்று மாற்றினேன். மூன்றாவதே பொருத்தம் என்று முடிவையும் மாற்றிக் கையெழுத்து வைத்தேன். இரண்டு நிமிட வேலை. ஜப்பார் என்னை வற்புறுத்தினார் என்று மட்டும் சொன்னால் அதுவும் அரைப் பொய்யாகிவிடும். எனக்கும் அந்த மூன்றாவது பிடித்திருந்தது. நான் எழுதியது அவ்வளவு வடிவாக வந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பரீட்சைக்குப் பதின்மூன்று படகுகள் எடுத்தார்கள். லோறன்ஸின் படகைச் சேர்த்துக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன். தை மாதம் துறையில் வைத்து எல்லோருக்கும் பழக்கினேன். கரையில் சிக்னல் நன்றாக இருந்தது, தொட்டவுடன் பக்கங்கள் திறந்தன. ஒன்றையும் பாடமாக்கத் தேவையில்லை, தொட்டுப் பார்த்தால் போதும் என்று என் வாயால்தான் சொன்னேன். மாமா மற்றவர்களிடம், "இது என்ர மருமகள் எழுதினது" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

மாசி இருபத்தொன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை, இருவரும் தொழிலுக்குப் போனார்கள். மேற்கே நன்றாகத் தள்ளிப்போன பிறகு தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றுவிட்டது. அதன் பெல்ட்டில் வலைத்துண்டு ஒன்று சிக்கியிருந்தது. திரையில் சிவப்பாக இலக்கம் பன்னிரண்டு வந்தது. லோறன்ஸ் 'உதவி'யைத் தொட்டான். வெள்ளைப் பக்கமும் நடுவில் சுழலும் வட்டமும்தான் வந்தன. அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தொட்டான். மாமா மோட்டாரை மூடியிருந்த பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டார். பழைய மோட்டார் என்றால் நின்றது நின்றதுதான், ஆள் போட்டால்தான் ஓடும். அத்தனை வருடப் பழக்கம் அவருக்கு. இந்தப் புதியது மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே மறுபடி ஓடிப் பார்க்கும். அது அவருக்குத் தெரியாது. லோறன்ஸுக்கும் தெரியாது. கை உள்ளே இருக்கும்போதே அது ஓடத் தொடங்கிவிட்டது.

போட்டிருந்த சேட்டுத் துணியைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, ஒற்றை ஆளாக நான்கு மணித்தியாலம் படகை ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தான் உங்கள் தம்பி. ஆஸ்பத்திரி வாசலில் அவன் என்னிடம் கோபப்படவில்லை. "நான் அந்த வட்டத்தையே பாத்துக்கொண்டு நிண்டுட்டன் அண்ணி. அப்பாவைப் பாக்கேல்ல" என்று மட்டும் சொன்னான். பன்னிரண்டாம் பக்கத்தின் முதல் வரியே "மோட்டார் மூன்று நிமிடத்தில் தானாக ஓடும், அதற்கு மின்சாரம் விடும் சிவப்புத் திறப்பைக் கழற்றும்வரை உள்ளே கை வைக்கவேண்டாம்" என்பதுதான். அதை எழுதியவளுக்கு அது தெரியும். படகில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

இதற்குமேல் நடந்ததையும் சொல்லவேண்டும். விசாரணை வரப்போகிறது என்றதும் ஜப்பார் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உதவிப் பக்கம் கருவியில் இருந்தது, பாவித்தவர்கள் அதைப் படிக்காமல் கை வைத்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. எழுதியவள் என்ற முறையில் நான் கையெழுத்து வைக்கவேண்டுமாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று பின்னேரம் ஃபாஹிமா என் பக்கத்தில் வந்து ஒரு காகித உறையை வைத்தாள். "இது ஒங்கடதுதான். சிங்களத்துல எழுதப் பாக்கலாமெண்டு முதல் அறிக்கைய அச்சடிச்சு வெச்சிருந்தன். என்ன செய்யணுமெண்டு நான் ஒண்டும் சொல்லல்ல" என்றாள். திறக்காது என்று நான் எழுதிய வரி அதில் அப்படியே இருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாமி சமையலுக்கு நடுவில் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. சொல்லி முடித்ததும் மாமா கட்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "அந்தப் பக்கம் இருக்கா? வாசி" என்றார். மடிக்கணினியைத் திறந்து வாசித்தேன். முதல் வரி முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். "மூண்டு நிமிஷமோ" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"சரியாத்தானே எழுதியிருக்கிறாய், பிள்ளை" என்றார்.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, நாளைக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டார். இரண்டு அறிக்கையையும் கொடுக்கப்போகிறேன் என்றேன். "வேலை போயிடுமே" என்றார். போகலாம் என்றேன். "மற்றப் பன்னிரண்டு படகும் இப்ப கடலுக்குப் போகுதோ" என்று கேட்டார். போகின்றன என்றேன். "அப்ப என்னத்துக்கு என்னட்டக் கேக்கிறாய்? போய்க் குடு" என்று சொல்லிவிட்டு முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாமி உள்ளே போய்விட்டா.

நேற்றுமுன்தினம் புத்தளத்தில் விசாரணை நடந்தது. உதவி தரும் நிறுவனத்தார் மூன்று பேர் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். லோறன்ஸ் முன் வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தான். ஜப்பார் கொண்டுவந்த கடிதத்தை முதலில் வாசித்தார்கள். படிக்காமல் கை வைத்தார்கள் என்ற இடம் வந்தபோது லோறன்ஸ் தலையைக் குனிந்தான். இதில் ஏன் என் கையெழுத்து இல்லை என்று நடுவில் இருந்த அம்மா கேட்டா. நான் எழுந்து இரண்டு அறிக்கைகளையும் கொண்டுபோய் வைத்தேன். இது முதலில் எழுதியது, இது மாற்றி எழுதியது, இரண்டும் நான் எழுதியவை என்று சொன்னேன்.

மாற்றச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கதிரை நகர்ந்தது. ஜப்பார் எழுந்தார். மறுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எழுந்தவர் லோறன்ஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான்தான் மாத்தச் சொன்னன். அந்தப் புள்ள வேணாமெண்டுதான் எழுதிச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சொன்னதால் என் கையெழுத்து அழிந்துவிடவில்லை. அதையும் அந்த அம்மா சொன்னா. தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்தீர்கள் என்று எழுதிக்கொள்கிறேன் என்றா. ஓம் என்றேன்.

அன்றைக்கே பதின்மூன்று படகுகளிலும் மோட்டாருக்குப் போகும் இணைப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பக்கங்கள் கருவிக்குள்ளேயே வைக்கப்பட்ட பிறகுதான் திரும்பப் பூட்டலாமாம். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டாவது மென்பொருளில் எல்லாவற்றையும் திரும்பச் செய்யப் பத்து நாளாவது வேண்டும் என்றேன். ஜப்பாரை இந்த வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். என்னை முடிக்கும்வரை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு எனக்கு அங்கே இடம் இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானும் ஃபாஹிமாவும் நேற்றே தொடங்கிவிட்டோம். முடிந்ததும் லோறன்ஸின் படகில் நானே போகப்போகிறேன். சிக்னல் முழுதாக விழுந்த பிறகு நூற்று இருபது பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டும். அவனிடம் கேட்டபோது, "வாங்க அண்ணி. கடல் கொஞ்சம் அடிக்கும், ஏலுமோ?" என்றான். ஏலும் என்றேன்.

மாமா இப்போது இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகுகிறார். கோபம் வந்தால் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். பாணை நான் பிய்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். மாமி என்னோடு இன்னும் கதைப்பதில்லை. தேத்தண்ணீரை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போகிறா. அவ மீது எனக்கு மனவருத்தம் இல்லை. அவவின் இடத்தில் நான் இருந்தால் தேத்தண்ணீரும் வைத்திருப்பேனோ தெரியாது.

அத்தான், லீவு போட்டு ஓடிவரவேண்டாம். ஆனால் இதைப் படித்து முடித்ததும் அப்பாவுக்கு டெலிபோன் எடுங்கள். பின்னேரங்களில் டெலிபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். என்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவேண்டாம், கையைப் பற்றி மட்டும் கேளுங்கள். எனக்கு எப்போது எடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஒரு கிழமை ஆனாலும், ஒரு மாதம் ஆனாலும், எடுக்கும்போது நான் இருப்பேன். ஆண்டவர் உங்களுக்கு நல்ல நித்திரையையும், என்னோடு பேசுவதற்கு ஒரு மனதையும் தரட்டும்.

உங்கள்,
யூஜீனியா