நாற்பது நாளில் கூடிய மூன்று கிலோ

இன்று காலை விழுப்புரத்தில் பாசஞ்சர் நகரத் தொடங்கிய பிறகு ஒரு பெண் ஓடிவந்து நம் பெட்டியில் ஏறினாள். நெற்றியில் சாம்பல் சிலுவை. பூசை முடிந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருப்பாள் போல. வியர்வையில் சிலுவையின் ஒரு பக்கம் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருடம் உன்னோடு இதே ரயிலில் போய்வந்தும் உன் காலண்டர் எனக்கு மனப்பாடமாகவில்லை, பார். நீ இருந்திருந்தால் விடியும்போதே போன் போட்டு, டப்பாவில் கருவாடு கிருவாடு எடுத்துக்கொண்டு வராதே என்று அதட்டியிருப்பாய்.

முதல் வருடம் உன் நெற்றியைப் பார்த்துவிட்டு, நீயும் விபூதி பூச ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் முண்டியம்பாக்கம் தாண்டும்வரை உனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தபடி அதை நினைத்தேன், உடனே உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். ஆபீசில் இன்று வேலை குறைவு. வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். டைப் அடிக்க வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அதற்குப் பல வருடம் கழித்து நடந்தது இது. எனக்கு நாற்பத்தாறு வயது, எண்பத்தாறு கிலோ. கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பத்து நாள் உதிரம் நிற்காது. திண்டிவனம் வந்தால் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே பயப்படுவேன். நீ எனக்குப் பின்னால் வந்து நின்று புடவையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நட" என்பாய். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் நான் பிளாட்பாரத்தில் இறங்கினேன். டாக்டரம்மா ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். ஆனால் எட்டு கிலோவாவது இறங்கினால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வரும் என்று சொல்லிவிட்டார். எடை இறங்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் மாதாமாதம் உதிரம் போய்க்கொண்டே இருக்கும். என் தலைக்கு மேல் தொங்கியது அது ஒன்றுதான்.

நம் பெட்டியில் வரும் ஓர் அம்மா அப்போது பவுடர் டப்பா விற்றுக்கொண்டிருந்தார். ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாக ஒரு டம்ளர் கலக்கிக் குடித்தால் போதுமாம். நான் கையை நீட்டிவிட்டேன். நீ நடுவில் டப்பாவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் அச்சடித்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாய். இதில் இருக்கிற பெயரில் பாதியை நம் ஊர் மளிகைக் கடையில் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று சொல்லி அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாய். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அப்புறம் எனக்கு உத்தரவு போட்டாய். "தவக்காலம் வருது. நாப்பது நாளு. கறி மீனு வேணாம், கடைப் பண்டம் வேணாம், பாக்கெட்டு வேணாம். எல்லாம் வீட்டுல செஞ்சது. நானும் உன்னோட இருக்கறேன். எப்படி எறங்காம போவுதுன்னு பாக்கலாம்."

நீ சொன்னால் அது நடந்துவிட்ட மாதிரி இருக்கும். உன் குரல் அப்படி. திண்டிவனத்தில் உன் தையல் கடைக்கு வரும் கல்யாணப் பெண்கள்கூட, நீ இந்த அளவுதான் சரி என்றால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அந்த நாற்பது நாளும் நாம் சாப்பிட்டதை இப்போது நினைத்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. காலையில் முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை, ஓரத்தில் நுரைக்க நுரைக்கச் செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய். ரயிலில் வறுத்த மல்லாட்டையும் வெல்லமும், வாய்க்குள்ளேயே கடலை மிட்டாய். மதியம் கறி இல்லாத குறைக்கு வாழைக்காய் வறுவல், சேனை வறுவல், காராமணிக் குழம்பு. மீன் வறுக்கிற சட்டியில் மீனுக்குப் பதில் கத்தரிக்காயைப் போட்டு, எண்ணெயை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். சாயங்காலம் உன் வீட்டு எள்ளுருண்டை. அதையும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றேன். தெம்பாக இருந்தது. வயிறு லேசாக இருந்தது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் நாம் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் கடைக்கு வந்தேன். நீ எடை மெஷினை நம்பாதவள், டேப்பைத்தான் நம்புவாய். கையைத் தூக்கச் சொல்லி இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தாய். பார்த்தாய். எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாய். பிறகு உன் இடுப்பை அளந்தாய். கடையில் இன்னொரு தையல் மெஷின் ஓட்டும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆண்டவரே," என்றாய் மெதுவாக. "தவக்காலத்துல பெருத்தவங்கன்னு நம்ம ரெண்டு பேரைத்தான்டி காட்டணும்."

நான் சிரிக்கவில்லை. கிளினிக்கில் ஏறி நின்றால் எண்பத்தொன்பது. டாக்டரம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டில் ஏதோ எழுதினார். மறுநாள் ரயிலில் எல்லோரும் கேட்க உன்னிடம் கத்தினேன். உன் வீட்டுச் சாப்பாட்டு வீறாப்புக்கு என் உயிரை வைத்து விளையாடுகிறாயா என்று கேட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாய். நான் அன்றைக்கே பவுடர் டப்பா வாங்கினேன். ஒரு வாரம் நீ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. பவுடரில் ஒன்றரைக் கிலோ இறங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே டம்ளரோடு நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது.

எட்டாம் நாள் மயிலத்தில் ரயில் நின்றபோது நீ எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. அது உனக்கு வராது. ஒரு வாரமாக வீட்டில் ஒவ்வொரு பண்டத்தையும் செய்து, ஊற்றுகிற எண்ணெயை ஸ்பூனால் அளந்து பார்த்திருக்கிறாய். இரண்டு அடைக்கு எவ்வளவு எண்ணெய், ஒரு எள்ளுருண்டையில் எவ்வளவு வெல்லம், எல்லாம் பிளவுஸ் அளவு எழுதும் நோட்டிலேயே எழுதியிருந்தாய்.

"ஊருல இருக்கற ஒடம்பையெல்லாம் அளக்கறேன், என் கரண்டியை அளக்கல," என்றாய். "பாக்கெட்டுன்னா பின்னாடி எவ்ளோன்னு போட்டிருப்பான். நம்ம கைக்குப் பின்னாடி யாரு எழுதி வச்சிருக்கா? வீட்டுல செஞ்சதுதானேன்னு சொல்லிக்கினே துன்னுட்டோம்."

என் பையில் டப்பா இருப்பதைப் பார்த்தாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். "முடிக்கணும்னா முடிச்சிடு," என்று மட்டும் சொன்னாய். "ஆனா அது தீந்த மறுநாளு இன்னா துன்னுவ?"

இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பவுடர்காரர் யாரையும் நான் பார்க்கவில்லை.

உன் இரண்டாவது திட்டத்தில் பக்தி குறைவு, அளவு அதிகம். ஒரு வாரத்து எண்ணெயை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டும். வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டால் வெள்ளியும் சனியும் அவித்ததுதான். வீட்டுக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்று பிரிக்கக் கூடாது. தட்டில் முதலில் பொரியலும் கீரையும், அப்புறம்தான் சோறு. மல்லாட்டை ஒரு கைப்பிடி. கைப்பிடி என்றால் மூடிய கை. எல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப்படுத்தியது, இரண்டாம் முறை போட்டுக்கொள்வதற்கு முன்னால் தட்டைக் கழுவிவிட்டு வர வேண்டும் என்று நீ போட்ட சட்டம். கழுவிய பிறகும் வேண்டுமென்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். முதல் பத்து நாள் கழுவிவிட்டு வந்து போட்டுக்கொண்டேன். பதினோராம் நாள் கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் டிவி பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். குழம்பில் எண்ணெய் மிதக்கவில்லை என்பது அவருக்குப் பெரிய மானப் பிரச்சினை. நான் சொன்னதும் நீ அவருக்கே போன் போட்டாய். என்ன பேசினாயோ தெரியாது. அவர் போனை வைத்துவிட்டு வந்து, ரசம் நன்றாக இருக்கிறது என்றார். நான் அன்றைக்கு ரசமே வைக்கவில்லை.

இரண்டு மாதம் என்றாய். ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு மாதம் அரைக் கிலோகூட அசையவில்லை. நான் மூக்கைச் சிந்தினேன். நீ பழைய பிளவுஸ் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கடையிலேயே திரை போட்டுப் போடச் சொன்னாய். கொக்கி சேர்ந்தது. கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி, இதற்கு என்ன சொல்லுகிறாய் என்று மிரட்டினாய். கடைசியில் எழுபத்தெட்டரை. எட்டுக்கு அரைக் கிலோ குறைந்தாலும் சர்க்கரை இறங்கியிருந்ததால் டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். ஆபரேஷன் அன்று நீ கடையைப் பூட்டிவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருந்தாய். கண் விழித்ததும் நான் பார்த்த முதல் முகம் உன்னுடையது. "ஒண்ணுமில்ல," என்றாய்.

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கஷ்டம். ஆனால் உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான்.

அடுத்த வருடம் நீ மெலிய ஆரம்பித்தாய். நம் பெட்டி முழுக்க உன்னைப் பாராட்டியது. அந்தப் பவுடர் அம்மாவே வந்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று உன்னிடம் ரகசியம் கேட்டார். நீயும் பெருமையாகத்தான் இருந்தாய். நான் அப்போது எழுபத்தேழில் சிக்கிக்கொண்டு கிடந்தேன். நீ கிடுகிடுவென்று இறங்குவதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்குச் சொல்லாமல் ஏதோ செய்கிறாய் என்றுகூட நினைத்தேன். ஒருநாள் உன் கடைக்கு வந்தபோது நீ உன்னுடைய பிளவுஸையே உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாய். அது மூன்றாவது முறை என்று அந்த மெஷின் ஓட்டும் பெண் சொன்னாள். கொடுத்து வைத்தவள் என்று நான் சொன்னேன். என் வாயால் அதைச் சொன்னேன்.

பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்து வயிற்றில் புற்று என்று சொன்னபோது, உன் எடை ஏன் இறங்கியது என்று எனக்குப் புரிந்தது. உன் உடம்பை அத்தனை வருடம் பார்த்தவள் நான். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பொறாமைப்பட்டேன். என்னை மன்னித்துவிடு.

பிறகு நான் உனக்குச் சமைத்தேன். வாரப் பாட்டிலைத் தூரப் போட்டுவிட்டு எண்ணெய் ஊற்றினேன், நெய் ஊற்றினேன், தேங்காயை அரைத்து அரைத்துச் சேர்த்தேன். உன் உடம்பில் ஒரு கிலோ ஏறினால் போதும் என்றிருந்தது. பழகின கை தோசைக்கல்லுக்கு மேல் தானாக நின்றுவிடும். நீ கட்டிலில் படுத்தபடியே அதைக் கண்டுபிடித்துவிட்டு, "ஊத்துடி, பேஜாரு பண்ணாத" என்பாய். ஒரு விள்ளல் எடுப்பாய். மென்றுகொண்டே இருப்பாய். உள்ளே இறங்காது.

ஒருநாள் மதியம், எனக்கு ரொம்பப் பசிக்கிறது, பசி வந்தாலே இன்னும் எரிச்சலாக இருக்கிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என் கையைப் பிடித்தாய். அந்தக் கையில் பலமே இல்லை.

"பசியை வையாதடி," என்றாய். "எனக்கு அது வராம ரெண்டு மாசம் ஆவுது. வருமான்னு வாசப்படியைப் பாத்துக்கினே படுத்திருக்கேன்."

நீ போய் இரண்டு வருடமாகிறது. நான் எழுபத்திரண்டில் இருக்கிறேன். டப்பாவும் இல்லை, பட்டினியும் இல்லை. நம் கேப்பை, நம் கீரை, நம் மல்லாட்டை எண்ணெய், அளந்து. ரயிலில் கேட்கிறவர்களுக்குத் தயங்காமல் சொல்கிறேன். வீட்டில் செய்ததைச் சாப்பிடுங்கள், ஆனால் வீட்டில் செய்தது என்பதற்காகச் சாப்பிடாதீர்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் பவுடர் அம்மாவிடம் போகிறார்கள். நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. எப்போது மெலிந்தாலும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. வயிறு கூப்பிடுகிறது. முன்பெல்லாம் இந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன். இப்போது அப்படி இல்லை. பசி வரும்போதெல்லாம், வந்துவிட்டாயா, வா, என்று சொல்லி அதை உட்கார வைக்கிறேன். உனக்கு வராமல் போனது எனக்கு நாள் தவறாமல் வருகிறது. எனக்குப் பசிக்கிறதடி. நான் சாப்பிடப் போகிறேன்.