சம்பந்தி வீட்டுக்குத் தெரியாத வருத்தம்

மாத்தளை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் பிரணவனுக்கு,

மெல்பேர்னில் நீயும் மருமகளும் நோய் நொடியில்லாமல் இருக்க முருகன் துணை. இங்கே நாங்களும் சுகம், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி வருகிறோம். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் குடும்ப வரலாற்றில் குறித்து வைக்க வேண்டிய தீர்மானம் ஒன்று சென்ற மாதம் இங்கே நிறைவேறியது. வெளியாட்கள் முன்னால் என் தேநீரில் இரண்டு கரண்டி சீனி போடப்படும். அம்மா பிரேரித்தாள், உன் தங்கை அஜிதா எதிர்த்தாள், குடிக்கப் போகிறவன் என்ற முறையில் நான் நடுநிலை வகித்தேன், பிரேரணை வென்றது. காரணம் அஜிதாவின் கலியாணம். பையன் சசிகரன், இரத்தோட்டை, வங்கியில் வேலை, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. முன்பெல்லாம் முதலில் சாதகம் கேட்பார்கள், இப்போது அதற்கும் முன்னால் உங்க வீட்டுல யாருக்கும் சீனி வருத்தம் இருக்குதாங்க என்று கேட்கிறார்கள். முன்பு வந்த கம்பளைச் சம்பந்தம் அந்தக் கேள்வியில்தான் முறிந்தது. எனக்கு நீரிழிவு இருக்கும் உண்மையைச் சொன்னேன், அவர்கள் அது பரம்பரையா வருமாமே என்று சொல்லி, பலகாரத்தை முடித்துவிட்டுப் போனார்கள். ஆகவே இம்முறை ஆவணியில் எழுத்து நடந்து, பதிவுகாரர் முன்னால் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கும் வரை, எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வருத்தம் இல்லாதவன் நம்மூர் கிளினிக்குக்குப் போக முடியாது அல்லவா. அங்கே மருந்து இலவசம், நல்ல மருந்தும்கூட, ஆனால் காலையிலிருந்து உட்காரும் மரவாங்கு வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. அதில் எல்கடுவ தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்தால் அன்றைய சம்பளம் போகும், நாங்கள் உட்கார்ந்தால் சம்பந்தம் போகும், எனவே இரு தரப்பாரும் முடிந்த மட்டும் வருவதில்லை. நான் வாடகை வான் ஓட்டும் ரிஸ்வியோடு கண்டி கிளினிக்குக்குப் போகிறேன். யாருக்கும் சொல்லிடாத தம்பி என்றேன். நான் ஏன் சேர் சொல்றேன், ஊருல பாதிப் பேர நான்தானே களவா கண்டிக்கு ஏத்துறேன், மத்தப் பாதி குருநாகலுக்குப் போறாங்க என்றான். தூரம் என்பதால் அடிக்கடி போக முடிவதில்லை. இதற்கிடையில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வாங்கிய புதுச் சப்பாத்து வலது கால் பெருவிரலுக்கு அடியில் கடித்துவிட்டது. அந்தப் புண் ஆற மறுக்கிறது.

அவர்கள் இங்கே வந்த அன்று, கட்டுப் போட்டால் தெரிந்துவிடும் என்று அம்மா எனக்குக் காலுறை மாட்டிவிட்டாள். சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளே காலுறையோடு உட்கார்ந்திருந்தேன். என்ன சம்பந்தி, குளிருதா என்று பையனின் தகப்பனார் கேட்டார். நுவரெலியாவுல வேல செஞ்ச பழக்கம் என்றேன். அவர் தன் தேநீருக்கு மூன்று கரண்டி போடச் சொன்னார். குடும்ப கௌரவத்தை முன்னிட்டு நானும் மூன்றாவது கரண்டியைக் கேட்டு வாங்கினேன். அவர் ஒரு லட்டு எடுத்தார், நானும் எடுத்தேன். அவருடைய மனைவி மட்டும் லட்டைத் தொடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை புண் மணக்கத் தொடங்கியதால் கண்டிக்குப் போனேன். இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் பக்கத்தில் சம்பந்தி. ஒரு கூட்டாளிய பாக்க வந்தேன் என்றார். நானும் ஒரு கூட்டாளியத்தான் என்றேன். நாகரிகம் தெரிந்தவர்கள், இல்லாத கூட்டாளிகளின் சுகத்தை மாறி மாறி விசாரித்துக்கொண்டோம். பாவம், அவனுக்கு காலுல புண்ணு என்றேன். என் ஆளுக்கு கண்ணு மங்கிக்கிட்டு வருதாம் என்றார். அப்போது தாதி என் இலக்கத்தைக் கூப்பிட்டாள். துண்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டு, யார் அந்த ஆள் என்று நானும் எல்லோரையும் போலத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னோர் இலக்கம், அதற்கும் யாரும் எழும்பவில்லை, சம்பந்தி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்ட எடுத்துட்டு எங்கயாவது போய் தூங்குறது, பொறகு மருந்து குடுக்கலன்னு எங்களத் திட்டுறது என்று தாதி சத்தம் போட்டாள். நம்ம சனத்துக்குப் பொறுப்பே இல்ல சம்பந்தி என்றார் அவர். அதை நான் முழுமனதோடு ஒப்புக்கொண்டேன். இருவரும் டாக்டரைப் பார்க்காமலே வெளியே வந்தோம், எதிர்க்கடையில் கருப்பட்டி ஊறிய வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தார், மறுக்க முடியுமா.

இதைக் கேட்டு அஜிதா அழுதாள். நானே அவங்ககிட்ட சொல்லிடுறேம்பா, வேணாம்னா போகட்டும் என்றாள். பொறகு ஒனக்கு இன்னொருத்தன தேடி ஒங்கப்பா இந்தக் காலோடதான் நடப்பாரா என்று அம்மா கேட்டாள். ஆவணி வரை பொறு என்று நான்தான் சொன்னேன். நூலகத்தில் வளர்முக நாடுகளின் தீரா நோய்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன், சமூகக் காரணங்கள் என்று வறுமை, கல்வி, நகர வாழ்க்கை, வைத்தியசாலையின் தூரம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். நல்ல ஆராய்ச்சி. சம்பந்தி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

உனக்கும் வயது ஏறுகிறது, இரத்தம் சோதித்துப் பார். அங்கே பக்கத்துக் கதிரையில் தெரிந்தவர் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள், அது எவ்வளவு பெரிய மருந்து என்று உனக்குத் தெரியாது. சோற்றைக் குறை, மருமகளின் பேச்சைக் கேள். ஆவணிக்கு லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, தமையன் இல்லாமல் எழுத்து நடக்காது. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசியும் முத்துமாரியம்மனின் அருளும் என்றும் உண்டு.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
க. தியாகராஜா

பி.கு. இதைத் தபாலில் சேர்க்கச் சுணங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் என் வலது காலின் பெருவிரலையும் அடுத்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டுக்கு, கூரை ஓடு விழுந்தது என்று சொல்லியிருக்கிறோம். எழுத்து நாளில் மாற்றமில்லை.