ஹெலி போயிட்டுது

பொயிண்ட் குக், மெல்போர்ன்
வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை சயந்தினி எழுதுகிறேன். உங்கள் ஈமெயில் முகவரியை நேற்று மாமாவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். அவரைக் கோபிக்க வேண்டாம். என் பட்டமளிப்பு விழாவுக்கு வரச்சொல்லித் தொல்லை கொடுத்த பிறகு என் தொலைபேசி எண்ணை நீங்கள் தடுத்துவிட்டது தெரியும். அதைப் பற்றி ஒன்றும் கேட்க வரவில்லை. இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசியுங்கள். முதலில் கேட்பது அவ்வளவுதான்.

அப்பாவைக் காணவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டைவிட்டு ஓடியவர். இன்று மூன்றாம் நாள்.

அப்பாவுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடமாகிறது. பகலில் நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு விஜயா அன்ரி பார்த்துக்கொள்வார். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனது. அப்பா அவரிடம், "பிள்ளை, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பார். பத்துத் தடவையும் அன்ரி, "குடிச்சேன் சார், நீங்க போட்டுக் குடுத்ததுதான்" என்பார். அப்பா தேநீர் போட்டே ஒரு வருடமிருக்கும். செவ்வாய்க்கிழமை அன்ரி குசினியில் அவருக்குப் புட்டுச் சூடாக்கிக்கொண்டிருந்தாராம். திரும்பிப் பார்த்தபோது பின்கதவு திறந்து கிடந்ததாம். அன்றிலிருந்து அன்ரி ஒழுங்காகச் சாப்பிடவில்லை, "என்னாலதாம்மா" என்று அழுதுகொண்டே இருக்கிறார். அவராலில்லை, அண்ணா. என்னால்.

நான் ஹெலிகொப்டர் ஓட்டுகிறேன். மாமா உங்களுக்குச் சொன்னாரோ தெரியாது. பொலிஸ் விமானப் பிரிவில் விமானி, ஆனால் பொலிஸ்காரி இல்லை. என்னிடம் துப்பாக்கி இல்லை, யாரையும் பிடிக்கும் அதிகாரமும் இல்லை. கூட இரண்டு பொலிஸ்காரர்கள் கமராவும் வரைபடமுமாக இருப்பார்கள், அவர்கள் சொல்லும் இடத்துக்கு மேலே நான் வட்டமடிப்பேன். காற்று, உயரம், எரிபொருள் பற்றி மட்டும் வாய் திறந்தால் போதும். என்னைப்போல ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிறவளுக்கு அது எவ்வளவு நிம்மதியென்று உங்களுக்குப் புரியும். சின்ன வயதில் கடைக்குப் போய் உப்புக் கேட்கவும் உங்களைத்தானே கூட்டிக்கொண்டு போவேன்.

அப்பாவுக்கு இதை நான் சொல்லவேயில்லை. "எயார்போர்ட்டில வேலை" என்றேன். அவர் அதை டிக்கெட் பார்க்கும் வேலை என்று எடுத்துக்கொண்டு, "பிள்ளை படிச்சதுக்கு நல்ல கதிரையில இருக்கிறாள்" என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். நான் திருத்தவில்லை. ஹெலிச் சத்தம் கேட்டால் அவர் எப்படி ஆவார் என்று உங்களுக்குத் தெரியும்.

மறதி வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. தூரத்தில் சத்தம் கேட்டாலே என்னைச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இழுத்துத் தலையை அமத்திப் பிடிப்பார். அந்த மேசைதான் அவருக்கு, வன்னியில் குண்டுக்கு ஒளிய நாங்கள் வெட்டிய பங்கர். நான் பத்து வயதுப் பிள்ளை. "தள்ளியிரு, அம்மாவுக்கு இடம் விடு" என்பார். சத்தம் ஓய்ந்தாலும் வெளியே வரமாட்டார். போயிட்டுது அப்பா என்று நான் சொன்னால், "உனக்கு என்ன தெரியும், சின்னப்பிள்ளை. அண்ணா வாசலில நிண்டு பாக்கிறான். அவன் சொல்லட்டும்" என்பார். ஒருநாள் மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தோம். விஜயா அன்ரியின் மகன் பிரசன்னா, நான் சொல்லிக்கொடுத்தபடி வெளியே நின்று, "போயிட்டுது, வாங்கோ" என்று கத்திப் பார்த்தான். அப்பா என் காதுக்குள் சொன்னார், "அது அவனில்லை." பிறகு களைத்து நித்திரையான பின்தான் அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் களவெடுத்த கார் ஒன்றைத் துரத்தும் வேலை வந்தது. கார் எங்கள் பக்கம் திரும்பி, எங்கள் தெருக்களையே சுற்றிச் சுற்றி ஓடியது. எங்கள் வீட்டுக்கு மேலே, அண்ணா, எங்கள் சொந்தக் கூரைக்கு மேலே, நான் இருபது நிமிடம் வட்டமடித்தேன். கொடியில் காய்ந்த அப்பாவின் சாரத்தைக்கூடப் பார்த்தேன். அன்ரி கதவைச் சாத்தி டிவியைச் சத்தமாக வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சொல், "இது என் வீடு, வேறு யாரையாவது அனுப்புங்கள்" என்று ஒரே ஒரு சொல் வானொலியில் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தது.

வெப்பத்தைக் காட்டும் கமராவில் மனிதர்கள் வெள்ளையாகத் தெரிவார்கள், முகம் தெரியாது. திரையில் ஒரு வெள்ளை உருவம் வேலியோரமாகக் குனிந்து ஓடியது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. கமரா பிடித்திருந்த கிறெய்க், "பாவம் கிழவர், பஸ்ஸைத் தவறவிடப்போகிறார்" என்றார். நான் சிரித்தேன். கமரா காரின் பக்கம் திரும்பிவிட்டது. தரையில் இறங்கியபோது தொலைபேசியில் அன்ரியின் பதினொரு அழைப்புகள் இருந்தன.

பதிவைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில் அவர் ஓடைப் பக்கம் ஓடியது தெரிந்தது. அன்று மாலையும் மறுநாள் காலையும் வேறு விமானிகள் அவரைத் தேடிப் பறந்தார்கள். குடும்பத்தவள் என்பதால் எனக்குப் பறக்க அனுமதியில்லை. கீழே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் விளங்கியது: நாங்கள் தேடத் தேட அவர் இன்னும் உள்ளே போகிறார். நேற்று, பன்னிரண்டு பேர் நின்ற இடத்தில் நான் கை உயர்த்தி, ஹெலியைத் தயவுசெய்து நிறுத்துங்கள், அவர் ஒளிவது அதற்குத்தான் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பொறுப்பான சார்ஜன்ட் பக்கத்தில் வந்து இன்னொருமுறை சொல்லச் சொன்னார். நிறுத்திவிட்டார்கள்.

ஓடையில் வந்து விழும் மழைநீர்க் குழாய் ஒன்றின் வாயில் அவருடைய ஒரு செருப்பை மோப்ப நாய் கண்டுபிடித்தது. ஆள் குனிந்து போகக்கூடிய குழாய். உள்ளே நாலைந்தாகப் பிரிந்து, வீடுகளுக்குக் கீழே ஓடுகிறது. நேற்றுப் பின்னேரம் உள்ளே இருமல் கேட்டது. நானும் கேட்டேன், அப்பாவின் இருமல்தான். தீயணைப்பு வீரர்கள் விளக்கோடு நுழைந்தால் வேறு கிளைக்குள் நகர்ந்துவிடுகிறார். "மிஸ்டர் ஜெயரட்ணம்" என்று கூப்பிடுகிறார்கள். சீருடை போட்டவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூச்சுக் காட்டக்கூடாது என்பதை எந்த மறதி அழிக்கும்? நானும் வயிற்றோடு ஊர்ந்துபோய், அப்பா, நான் வந்திருக்கிறேன் என்று கத்தினேன். நெடுநேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து, மிக மெதுவாக, "ஸ்ஸ்ஸ்" என்றார். பேசாமலிரு என்று. அண்ணா இன்னும் சொல்லவில்லை என்று.

இன்று இரவு மழை வரும் என்கிறார்கள். பெரிய மழை. அந்தப் பகுதித் தண்ணீர் முழுவதும் அந்தக் குழாய்களுக்குள்தான் வரும்.

உங்களிடம் நான் என்ன கேட்கப்போகிறேன் என்று விளங்கியிருக்கும். எதைக் கேட்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். போயிட்டுது என்ற அதே சொல்லை அன்று நீங்கள் சொல்லித்தான் அம்மா பங்கரைவிட்டு வெளியே வந்தார். ஹெலி திரும்பி வந்து சுட்டது. அம்மாவை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உங்களைப் பார்த்து, "நீ கூப்பிட்டுத்தானே வந்தவள்" என்றார். பங்கர் வாசலில் நின்று நானும் கேட்டேன். அப்போது உங்களுக்குப் பதினைந்து வயது. அதன் பிறகு நீங்கள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவோடு நோர்வேக்குப் போகும் அன்றும் பேசவில்லை.

இதை நான் ஒரு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. ஒளிந்திருப்பவனை வெளியே எடுக்க, ஹெலியைத் தூரமாகக் கொண்டுபோய்விடுவோம். அவனிடமிருந்து காற்று எங்கள் பக்கம் வீசும் திசையாகப் பார்த்து நிற்போம். அப்போது சத்தம் அவனிடம் போகாது. எவ்வளவு கூர்மையான காது என்றாலும் கேட்காது. போய்விட்டது என்று நினைத்து வெளியே வருவான், நாங்கள் அவன் தலைக்கு மேலே திரும்பி வருவோம். போன வருடம் முதல்முறை அப்படிச் செய்த அன்று நான் இறங்கிப் போய்க் கழிவறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தேன். எங்கள் பங்கர் வாசலில் தொங்கிய சாக்கு ஞாபகத்துக்கு வந்தது. நீங்கள் சத்தம் போட்ட நேரம் அந்தச் சாக்கு ஹெலி போன பக்கமாகவே பறந்துகொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கம் அடித்தது, அண்ணா. உங்களுக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த இருக்கையில் இருந்து ஓட்டுகிறவள் சொல்கிறேன்.

அம்மாவை மடியில் வைத்து உங்களுக்குச் சொன்ன அந்த வசனத்தை அப்பா மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மேசைக்குக் கீழே அவர் சொல்வதெல்லாம் வேறு. "அவன்ர காது பிழைக்காது. அவன் சொன்னால் சரியாத்தான் இருக்கும்." இரண்டு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அனுப்ப வழியில்லாமல் நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் குரலைத் தொலைபேசியில் பதிவுசெய்து அனுப்புங்கள், அரை நிமிடம் போதும். குழாய் வாயில் ஒலிபெருக்கி வைத்துக் காத்திருக்கிறார்கள். மெதுவாகச் சொல்ல வேண்டாம். அன்றுபோல இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்துங்கள். "ஹெலி போயிட்டுது, வெளியில வாங்கோ." அப்பா என்று கூப்பிட மனம் வராவிட்டால் கூப்பிட வேண்டாம். எனக்கு ஒரு வரி பதில்கூட எழுத வேண்டாம். பிறகு என் முகவரியையும் தடுத்துவிடுங்கள், நான் கேட்கமாட்டேன்.

உங்களுக்கு ஒரு மகள் பிறந்திருப்பதாக மாமா நேற்றுத்தான் சொன்னார். பெயரைக் கேட்கத் துணிவு வரவில்லை. வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கைகாட்டி வளரட்டும். அண்ணிக்கு என் அன்பு.

இங்கே மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. நான் குழாய் வாயில் இருக்கிறேன். ஹெலி எதுவும் இல்லை, நானே பார்த்துவிட்டேன், வானம் முழுவதும் பார்த்துவிட்டேன். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். நீங்கள் சொல்லுங்கோ, அண்ணா.

தங்கை,
சயந்தினி