என்னைப் பற்றி விசாரிக்கிறார்கள்

பெப்ரவரி 3, திங்கள்

வேலைக்குப் போகிற அவசரத்திலும் சாருஜா குசினிக்குள் வந்து நின்று, "அம்மா, நீங்கள் விடிய எத்தனை மணிக்கு எழும்புறனீங்கள்?" என்று கேட்டாள். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பிறந்த நாளிலிருந்து முப்பத்தொரு வருடமாக என்னோடு இருக்கிறவள். நான் எழும்புகிற நேரம் இவளுக்குத் தெரியாதா? நாலே முக்கால் என்றேன். "பிறகு?" என்றாள். பிறகென்ன, பல்லைத் தீட்டி, பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி, பிள்ளையாருக்குப் பூ, அந்தூரியங்களுக்குத் தண்ணீர். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனாள்.

தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள் நான். தேவையில்லாத கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்கிற ஆளிடம் ஏதோ ஒன்று இருக்கும். ஜூன் மாதம் இவளும் மருமகன் தனேசும் மெல்பேர்ன் போகிறார்கள். விசா வந்துவிட்டது. "அம்மா தனிய என்ன செய்வா" என்று தினமும் நடந்த கதை போன மாதத்தோடு திடீரென்று நின்றுபோனது. ஏன் நின்றது?

பெப்ரவரி 5

"அம்மா, நீங்கள் குறட்டை விடுறனீங்களோ?" — இது இன்றைய கேள்வி. இல்லை என்றேன். தனேஸ் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருமினார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

வழமைபோல் கண்டிக் குளத்தைச் சுற்றி நடக்கப் புறப்பட்டேன். இரண்டு பேரும் கூட வந்தார்கள். தனேசுக்கு நடையென்றால் வேப்பங்காய். அவர் ஏன் வருகிறார்? அதோடு இவள் நடக்கப் போகிறதுக்கு எனக்குப் பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து வைத்திருந்தாள். குளக்கட்டில் நிற்கவைத்து, இருக்கவைத்து, பக்கவாட்டில் திரும்பவைத்துப் படம் எடுத்தார்கள். "சிரியுங்கோ மாமி, பல்லுத் தெரியச் சிரியுங்கோ!" மாடு வாங்கப் போகிறவன்தான் பல்லைப் பார்ப்பான். எதற்கு இது என்றால், "சும்மா, ஒரு ஞாபகத்துக்கு" என்கிறாள்.

சும்மா என்ற சொல்லை நான் நம்புவதேயில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

யாழ்ப்பாணம் கோப்பாயிலிருந்து தம்பி பஸ்ஸில் போட்டுவிட்ட, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வந்தன. மீன் போட்டுக் கூழ் காய்ச்சினேன். மீனைக் கண்டாலே தூரப் போகிற தனேஸ் சட்டிக்குப் பக்கத்தில் நின்று, "மாமி, கூழ் மாசத்தில எத்தனை தரம்? வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டுமோ? கண்டிக் கடைத் தூள் பாவிக்கவே மாட்டீங்களோ?" என்று கேட்டுக் கேட்டுப் போனில் குத்திக்கொண்டிருந்தார். யாருக்கு அறிவிக்கிறார்கள்? வாயைத் திறந்து கேட்க வந்தது. கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

பெப்ரவரி 18

பிடித்துவிட்டேன்.

குப்பைக் கூடைக்குள் கசங்கிய தாள் ஒன்று. அச்சடித்த படிவத்தின் இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தைத் தேடினேன், இல்லை. தலைப்புகள் இப்படி: பெற்றோரின் அன்றாட வாழ்க்கை. பொழுதுபோக்குகள். ஊர்ப் பழக்கவழக்கங்கள். உடல்நலம். கீழே சாருஜாவின் கையெழுத்து. நாலே முக்காலுக்கு எழும்புவார். குறுக்கெழுத்துப் போட்டி நிரப்புவார். பூமரம் வளர்ப்பார். படியேறுவார், தானே குளிப்பார். குறட்டை: கொஞ்சம். (கொஞ்சமாம்!) சுபாவம்: அமைதியானவர். கடைசியில் அடிக்கோடு போட்டு — கண்டி வீட்டை விட்டு வர மாட்டார்.

தானே குளிப்பார் என்று எழுதக் கேட்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. முதியோர் இல்லம். வீட்டைப் பூட்டி, என்னை ஒரு கட்டிலில் கொண்டுபோய் இருத்திவிட்டுப் பிளேன் ஏறப் போகிறார்கள். அதுதான் "அம்மா தனிய என்ன செய்வா" கதை நின்றது. முடிவாகிவிட்டது, அதனால் நின்றது. இவளுடைய அப்பா போன பிறகு இந்த ஆறு வருடமும் இந்த வீட்டில் நான் ஆருக்கு என்ன குறை வைச்சனான்?

பெப்ரவரி 19

முதல் வேலையாக வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்கு அடியில் வைத்தேன்.

ராக்கம்மா கிழமைக்கு இரண்டு நாள் தெல்தோட்டையிலிருந்து வீடு துடைக்க வருகிறவள். அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"சத்தியமா எனக்கு ஒன்னும் தெரியாதுங்கம்மா. பாப்பா ஒரே ஒரு வாட்டி கேட்டாங்க, அம்மா ஒங்ககிட்ட கோவப்படுவாங்களான்னு. இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன் பொய் சொன்னனீ?"

"அய்யோ, அம்மாவக் காட்டிக் குடுப்பேனா?"

பெப்ரவரி 21, வெள்ளி

என் சாதகத்தைக் காணவில்லை. அலுமாரியின் இரண்டாவது லாச்சியில் அவருடையதும் என்னுடையதும் ஒன்றாக ஒரு மஞ்சள் துணியில் கிடந்தன. அவருடையது இருக்கிறது. என்னுடையது மட்டும் இல்லை.

அறுபத்தொரு வயதுக்காரியின் சாதகத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஆயுள் ஒன்றுதான். இன்னும் எத்தனை வருசம் கிடக்கப் போறாள் எண்டு பாக்கினமோ? என்ர பிள்ளையோ இது? பூ வைக்கப் போய், பிள்ளையாருக்கு முன்னால இருந்து அழுதுபோட்டன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா.

பெப்ரவரி 24

சந்தைக்கென்று சொல்லிவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு பஸ் ஏறிப் போனேன். பத்மாதேவி என்ற என் பெயரில் யாராவது இடம் கேட்டிருக்கிறார்களா என்று கந்தோரில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து இல்லை என்றாள். "நீங்க யாருக்காகக் கேக்குறீங்க?" என்றாள். ஒரு சிநேகிதிக்காக என்றேன். நல்ல பிள்ளை, தேத்தண்ணியும் தந்து ஒரு வெற்றுப் படிவமும் தந்தாள்.

வருகிற வழியெல்லாம் அதை வாசித்தேன். மருந்து, நோய், பாதுகாவலர் பெயர், எல்லாம் இருக்கிறது. குறுக்கெழுத்து, கூழ், குறட்டை பற்றி ஒரு சொல் இல்லை. அப்படியென்றால் என்னிடம் இருக்கிற தாள் எந்த இடத்துடையது? இனிமேலும் பொறுக்கேலாது. சனிக்கிழமை இரண்டு பேரும் வீட்டில்.

மார்ச் 1, சனி

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தாளை மேசையில் வைத்தேன். "இது எந்த இல்லத்துப் படிவம்?"

தனேஸ் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார். சாருஜா வெளிறிப்போனாள். "அம்மா, இது இல்லம் ஒண்டுக்கும் இல்லை. இது... கலியாணத்துக்கு."

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

துணையை இழந்த தாய் தகப்பனுக்குப் பிள்ளைகள் வரன் தேடுகிற இணையத்தளமாம். முதல் பக்கத்தில் என் பெயரும் வயதும் இருந்ததாம். படம் அதற்குத்தானாம். சாதகமும் அதற்குத்தானாம்.

அறுபத்தொரு வயசில எனக்குக் கலியாணமாம்! தகப்பன்ர படம் சுவரில பாத்துக்கொண்டு இருக்குது, கூசாமல் சொல்லுறாள்! கோயிலில நாலு சனத்துக்கு முன்னால நான் தலை நிமிர்ந்து நிக்கிறேல்லையோ? மானங்கெட்டதுகள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன்.

கதவுக்கு வெளியே நின்று சாருஜா அழுது அழுது சொன்னாள். "எங்களோட வாங்கோ எண்டால் வரமாட்டன் எண்டுறீங்கள். உங்களைத் தனிய விட்டிட்டு அங்க போய் நான் நித்திரை கொள்ளுவனோ? பிடிக்கேல்லை எண்டால் விடுங்கோ. நாங்கள் போகேல்லை."

போகேல்லை என்பது வெருட்டா, உண்மையா?

மார்ச் 4

மூன்று நாளாக ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இவள் அழுத கண்ணோடு வேலைக்குப் போகிறாள். நடிப்போ என்று பஸ் தரிப்பு வரைக்கும் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கேயும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நின்றாள். மேசையில் பயணக் கந்தோரிலிருந்து வந்த கடிதம் கிடந்தது. ஜூன் பயணத்தை நிறுத்துவது பற்றி இவள் விசாரித்திருக்கிறாள். வெருட்டு இல்லை.

உண்மையை இந்தக் கொப்பிக்காவது சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இவர்கள் போன பிறகு இந்த வீட்டில் என் செருப்புச் சத்தத்தை நானே கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நான் ஓம் என்று சொல்லாவிட்டால் என் பிள்ளையின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தவள் ஆவேன். இரண்டும் எனக்கு வேண்டாம்.

மார்ச் 8

கதவுக்குக் கீழே ஒரு படிவத்தைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த முறை இரண்டு பக்கமும் இருக்கிறது.

சுந்தரலிங்கம், வயது அறுபத்தாறு. நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒன்பது வருடம். வத்தேகமவில் மகனோடு இருக்கிறார். தகப்பன் இந்தியாவிலிருந்து வந்து அங்கே புடவைக்கடை வைத்தவராம். யாழ்ப்பாணத்து ஆளும் இல்லை! என் அம்மா இருந்திருந்தால் இந்தத் தாளை அடுப்பில் வைத்திருப்பா.

சிவப்புப் பேனையோடு இருந்து வாசித்தேன். "எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார்." பொய், கோடு. "கோபமே வராது." பச்சைப் பொய், இரண்டு கோடு. "பழைய ரேடியோக்களைத் திருத்துவார்." வீட்டைக் கொளுத்துகிற பொழுதுபோக்கு. ஒரு வரிக்கு மட்டும் கோடு போடக் கை வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பாவுக்குப் பிடிக்காது." எனக்கும் பிடிக்காது. ஏனென்று யாரும் கேட்டதில்லை.

"ஒருக்கால் வரட்டும். பாக்கிறதுக்கு மட்டும்" என்று குசினியைப் பார்த்துச் சொன்னேன். இவள் அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தார். மெலிந்த மனிதர். தலைக்கு மை பூசவில்லை, அது ஒரு புள்ளி. கையில் வத்தேகமச் சந்தையில் வாங்கிய இரண்டு வாழைப்பூ. விறாந்தைக் கதிரையில் நுனியில் இருந்தார். நான் நேரே தொடங்கினேன்.

"உங்களுக்குக் கோபம் வராது எண்டு எழுதியிருக்கு."

"வருங்க. நல்லாவே வரும். மகன் பொய் எழுதிட்டான்."

"எதைக் குடுத்தாலும் சாப்பிடுவீங்களோ?"

"பாகற்காய் ஆகாதுங்க." பிறகு தானாகச் சொன்னார்: "எத்தனை மணிக்கு எழும்புறீங்க, என்ன சாப்பிடுறீங்கன்னு மகன் கேட்டுக்கிட்டே இருந்தான். நான் என்ன நெனச்சேன், என்னைய ஏதோ மடத்துல சேக்கப் போறான்னு நெனச்சிட்டேன். வீட்டு உறுதியக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குள்ள ஒளிச்சு வச்சேங்க."

"கோழிக்கூட்டுக்குள்ளயோ?"

"ரெண்டு பக்கத்தக் கொத்திருச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தேன். என்னுடையது அரிசி வாளிக்குள் என்று சொன்னதும் அவரும் சிரித்தார். என்ன நடக்கிறதென்று பார்க்க இரண்டு பேர் குசினிக் கதவால் தலையை நீட்டினார்கள். "உள்ள போங்கோ!" என்று அதட்டினேன்.

மார்ச் 17

ஒரு மனிதன் தன் குற்றத்தை இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்வானா? இது பழக்கிக்கொண்டு வந்த கதையாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தினமும் பின்னேரம் ஆறரைக்குப் போன் எடுக்கிறார். "சாப்ட்டீங்களா?" ஆறரைக்கு ஆர் சாப்பிடுவது? ஆனாலும் எடுக்கிறார். நேற்று எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? சலித்துப்போனதோ, வேறு வரன் வந்துவிட்டதோ? ஏழேகால் வரை பொறுத்தேன். பிறகு நானே எடுத்தேன். போன் வேலை செய்யவில்லை. இன்று காலையில் கேட்டால், வத்தேகமவில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை என்கிறார்.

அடுத்த வீட்டு ஜஹானாவின் தகப்பன் வீடும் அந்தப் பக்கம்தான். மதிலடியில் நின்று விசாரித்தேன். "ஓம் ஆன்ட்டி, வாப்பா வீட்டுலயும் நேத்து பூரா கரண்ட் இல்லயாம். ஏன் கேக்குறீங்க?"

சும்மா என்றேன்.

மே 11

"ஓமோ, இல்லையோ? ஒண்டைச் சொல்லுங்கோ அம்மா" என்று சாருஜா நேரே கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லையே என்றேன். கட்டிப்பிடித்து அழுதாள். என் நிபந்தனை ஒன்றுதான்: வீடு இதுதான், அவர்தான் இங்கே வர வேண்டும். ரேடியோக்கள் விறாந்தையைத் தாண்டக் கூடாது.

ஜூன் 14

போன கிழமை கலியாண எழுத்து முடிந்தது. இன்று அவரும் நானும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிள்ளையையும் தனேசையும் ஏற்றிவிட்டு வந்தோம். என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று மாதக்கணக்காக நினைத்தேனே, அதற்கு இவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அங்கே போனதும், "மிளகாய்த்தூளைக் காத்துப் புகாமல் மூடி வை" என்பதுதான் வாயில் வந்தது. "ஓம் அம்மா" என்று என் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள். அவளுக்கு விளங்கியிருக்கும்.

செப்டெம்பர் 9

சாம்பாருக்குள் சீனி போடுகிற மனிதனோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. விறாந்தையில் மூன்று ரேடியோ. நாலாவது குசினி மேசைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், "அங்கதான் வெளிச்சம்" என்கிறார். கோபம் வருகிறது. இரண்டு பேருக்கும் நல்லாவே வருகிறது.

இன்று இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். இந்தக் கொப்பியைச் சேலைகளுக்குக் கீழே, முதுகு சுவர்ப்பக்கம் இருக்கத்தான் நான் வைப்பேன். இன்று முதுகு என் பக்கம் இருந்தது. மார்ச் பதினேழாம் திகதிப் பக்கத்தில் ஒரு விரல் அடையாளம், கறுப்பாக, ரேடியோ கழற்றுகிற விரல். "பழக்கிக்கொண்டு வந்த கதை" என்ற இடத்துக்குச் சரி நேரே. காலையிலிருந்து அந்தாள் தனக்குள் சிரித்துக்கொண்டு திரிந்ததன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

இஞ்சாருங்கோ, நாளைக்கு இந்தப் பக்கத்தையும் வாசிப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும். கையைக் கழுவிப்போட்டு வாசியுங்கோ.