பயத்தில் வைத்த பேர்

பாடாலூர்
12-3-1943

அன்புள்ள அருளாயிக்கு,

சேசுவின் தயவால் சுகமாயிருக்கிறேன். நீயும் மகனும் சுகந்தானே?

இங்கே கொஞ்சம் வாந்திபேதி. நீ பயப்படாதே. செவ்வாயன்று சின்னப்பிள்ளை என்ற கூலிக்காரப் பெண், சாகக்கிடந்த தன் மகனுக்கு ஞானஸ்நானம் கேட்டாள். பிள்ளை செத்தால் உபதேசியாரான என் தண்ணீர்தான் கொன்றது என்பார்களே என்று பயந்தேன். ஆனாலும் ஓர் ஆத்துமம் அல்லவா? ஒரு பேர் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

மறுநாள் யாரோ கதவைத் தட்டினார்கள். அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன். சின்னப்பிள்ளையின் குரல் கேட்டது.

"ஐயா, எம் புள்ளைக்கு என்ன பேரு வச்சீங்க? அந்தப் பேரச் சொல்லி அழணுங்க."

பயத்தில் வேறு பேர் வாயில் வரவில்லை, அருளாயி. நம் மகன் பேரைத்தான் வைத்திருந்தேன். சொன்னேன். 'சவரிமுத்து, சவரிமுத்து' என்று அவள் அழுவது இங்கே கேட்கிறது.

நம் மகனுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. உடனே ஒரு கார்டு போடு. அவன் கையாலேயே எழுதட்டும்.

தபால்காரர் நிற்கிறார்.

மரியசூசை